கூம்புத் தூணின் முனை மட்டமறுத்தல்
அடி பருத்து நுனி சிறுத்த மரத்தூணின் இரு முனைகளையும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக அறுக்கும் தச்சுவேலை. பக்கங்கள் சாய்ந்திருப்பதால் மூலைமட்டத்தை ஒரு பக்கத்தில் அணைத்துக் கோடிடுவது பிழை. 2400 மி.மீ. உயரத்தில் அடி 125 மி.மீ., தலை 75 மி.மீ. எனில் ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. உள்வாங்கும். அவ்வாறு அறுத்த அடியில் கோணல் 1.3 மி.மீ.தான், நிறுத்தினால் தலை 25 மி.மீ. விலகிவிடும். ஆகவே இரு முனைகளின் மையங்களையும் இணைத்து நூலடித்து, அதிலிருந்தே நாற்புறமும் கோடு எடுப்பர். சாய்வு இழைக்கும் முன்பே முனைகளை அறுத்துவிடுவது இதனினும் எளிது.

நியூசிலாந்தில் மரத்தூணுக்குப் பெரிதும் பயன்படுவது பதப்படுத்திய ரேடியேட்டா பைன்; மண்ணில் நடுவதற்குக் குறைந்தது எச்4 பதப்படுத்தல் தரம் வேண்டும். அவ்வாறு நடும் தூணில் ஒரு முனையை மட்டும் அறுத்து, அம்முனைக்கு மீண்டும் மருந்து பூசி, அதை மேற்புறமாக வைப்பர்.