குழிவிரியன்: மதுரைச் சீமையின் மலைகளில் வகைப்பாடும் பரவலும்

குழிவிரியன் என்பது, மூக்குத் துளைக்கும் கண்ணுக்கும் இடையே முகத்தின் இருமருங்கிலும் ஆழ்ந்த குழியொன்றை உடைய விஷப் பாம்புகளின் பொதுப்பெயர். அக்குழியின் உள்ளே குறுக்காக விரிந்த மெல்லிய சவ்வில் நரம்பு நுனிகள் நெருங்கியிருத்தலால், கும்மிருட்டிலும் எலியின் உடற்சூட்டை இது உணர்ந்துகொள்கிறது. 1937-இல் நோபிள், ஷ்மிட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர், கண்களை மறைத்த பாம்புகள் துணி சுற்றிய மின்விளக்குக் குமிழ்களில் சூடானதையே நாடித் தாக்குவதைக் காட்டி, குழியின் பிரயோஜனம் இன்னதென்று நிலைநாட்டினர்.

மதுரை நகரைச் சூழ்ந்த வைகைச் சமவெளியில் விரியன்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அங்கே கரிசல் வரப்பிலும் கற்குவியலிலும் காணப்படும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் குழியற்ற வர்க்கத்தைச் சேர்ந்தவை. குழிவிரியன் மலைக்குரியது. 1985-இல் திண்டுக்கல்லும் 1996-இல் தேனியும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன், சிறுமலை, பழனி மலை, வருசநாட்டு மலை, மேகமலை ஆகிய யாவும் மதுரை ஜில்லாவிலேயே அடங்கியிருந்தமையால், பழைய கிரந்தங்களில் ‘மதுரை’ என்று வரும் குறிப்புகளை அவ்விரிந்த எல்லையைக் கருதியே படித்தல் வேண்டும்.

பழந்தமிழ் மருத்துவ ஏடுகளில் விரியன் வகைகள் பல பேசப்பட்டாலும், அவற்றுள் எது குழியுடையது என்று இன்று துணிதல் அரிது.

சாஸ்திர முறையிலான விவரணம் 1796-இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியரான பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி வெளியிட்ட பெருநூலில், விசாகப்பட்டினத்துப் பச்சை விரியன் ஒன்றை அவ்வூரார் வழங்கிய பெயராலேயே ‘போத்ரு பாம்’ என்று குறித்து வண்ணப்படமும் சேர்த்தார். 1802-இல் ஜார்ஜ் ஷா அதற்குக் ‘கிராமினியஸ்’ என்னும் லத்தீன் இனப்பெயரைச் சூட்டினார். மூங்கில் குழிவிரியன் என்று நாம் வழங்குவது இதுவே. 1804-இல் லாசெப்பேட் ‘டிரிமெரெசூரஸ்’ என்னும் பேரினத்தை வகுத்தார். 1820-இல் மெர்ரம் திமில்மூக்குக் குழிவிரியனுக்கும், 1842-இல் கிரே குதிரைலாடக் குழிவிரியனுக்கும், 1854-இல் ஜெர்டன் மலபார்க் குழிவிரியனுக்கும் பெயரிட்டனர்.

1862-இல் பெடோம் ஆனைமலையிலிருந்து பெருஞ்செதிள் குழிவிரியனை வெளிப்படுத்தினார். பட்டாளத்து உத்தியோகஸ்தராக வந்து சென்னை மாகாண வனத்துறையின் தலைமையை ஏற்ற இவர், காட்டைச் சோதிக்கப் போகுமிடமெல்லாம் கல்லைப் புரட்டிப் பார்க்கும் சுபாவமுடையவர். திண்டுக்கல்லின் பெயர் தாங்கிய, மண்ணில் புதைந்து வாழும் பாம்பு ஒன்றைச் சிறுமலையிலிருந்து 1877-இல் விவரித்தவரும் இவரே. இவர் கண்ட குழிவிரியனின் உடல் நடுவே செதிள் வரிசைகள் ஏறக்குறைய 12 முதல் 15 வரையே உள்ளன. ஏனைய இனங்களில் இவ்வெண் மிகுதி. ஓடு வேய்ந்தாற்போல் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று படிந்த அச்செதிள்களின் விளிம்பில் தெரியும் நீலங்கலந்த கறுப்பு நிறத்தை, ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார்.

1896-இல் பூலஞ்சர் வெளியிட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பாம்பு அட்டவணை ஒரு விசித்திரத்தை விளைவித்தது. அவர் ஆசியக் குழிவிரியன்கள் பலவற்றையும் அமெரிக்கக் குழிவிரியன்கள் பலவற்றையும் ‘லாக்கெசிஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். அப்பெயர், நிகரகுவா தொடங்கி அமேசான் காடு வரையிலும், டிரினிடாட் தீவிலும், பிரேசிலின் அட்லாண்டிக் கரைக் காட்டிலும் வாழும் புஷ்மாஸ்டர் என்ற மாபாம்புக்கு உரியது. மூன்று மீட்டருக்கு மேல் வளர்ந்து முட்டையிடும் அப்பாம்பும், ஒரு கை நீளமே உள்ளதாய்க் குட்டிகளாகவே ஈனும் நம் மூங்கில் குழிவிரியனும் சில பத்தாண்டுகள் ஒரே பேரினப்பெயரைச் சுமந்தன. இன்று அப்பெயர் புஷ்மாஸ்டருக்கே மீண்டுவிட்டது. அதிலும் முன்பு ஓரினமாகக் கருதப்பட்டதை மூன்றோ நான்கோ இனங்களாகக் கொள்வதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

அக்காலத்தில் ‘கிராமினியஸ்’ என்ற பெயரின்கீழ் இந்தியா முதல் கிழக்காசியா வரையுள்ள பச்சை விரியன் அனைத்தும் குவிக்கப்பட்டிருந்தன. 1933-இல் போப் தம்பதியர் அவற்றைப் பிரித்தெடுத்த பின்னரே, மூங்கில் குழிவிரியனின் தாயகம் இந்தியத் தீபகற்பமாகச் சுருங்கியது. 1943-இல் மால்கம் ஸ்மித் எழுதிய பாம்பு நூல் ‘டிரிமெரெசூரஸ்’ என்ற பெயரையே பின்பற்றிற்று.

மதுரைச் சீமைக்கே உரிய அத்தியாயம் இதன்பின் வருகிறது. 1940-களின் பிற்பகுதியில், உள்ளூரார் ஹைவேவிஸ் என்றும் சொல்லும் மேகமலையில் தோட்டத் தொழிலில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர், ஓய்வு நேரத்தில் பாம்புகளையும் பாலூட்டிகளையும் சேகரித்தார். தம் குறிப்புகளை ‘மதுரை ஜில்லா’ என்ற தலைப்போடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சஞ்சிகையில் 1949-இல் பிரசுரித்தார். அவர் பிடித்த குழிவிரியன் மாதிரிகள் இரண்டை ஆராய்ந்த ஸ்மித், அதே ஆண்டில் அவற்றைப் புதிய இனமென அறிவித்து ஹட்டனின் பெயரையே இட்டார். அவ்விரண்டும் வளர்ச்சி முற்றாத பாம்புகள் என்பர். பிற்காலத்தார், தலைச் செதிள்களின் அமைப்பைக் கருதி, இதனைத் ‘டிராபிடோலீமஸ்’ என்னும் பேரினத்துக்கு மாற்றினர். அப்பேரினத்தின் ஏனைய உறுப்பினர் தாய்லாந்து, மலேயா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் பிரதேசங்களில் வாழ்பவர். இடையே வங்கக்கடல் கிடக்க, ஓர் உறவினர் மட்டும் மேகமலையில் எவ்வாறு தங்கினார் என்பதற்குத் திருப்தியான விடை இல்லை. இப்பேரினத்தில் குட்டியின் நிறமும் முதிர்ந்த பெண்பாம்பின் நிறமும் பெரிதும் வேறுபடுதலால், இரண்டு இளம் மாதிரிகளை மட்டும் வைத்து முடிவு கூறுவது துணிகரமே.

ஹட்டன் சேகரித்தவற்றுள் 1948-இல் பிடித்த பழவௌவால் ஒன்றும் இருந்தது. சாதாரண வகையென்று சீட்டு ஒட்டப்பட்டுக் கழகத்தின் பெட்டியில் கிடந்த அதனை, 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா புதிய பேரினமென்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். அந்த வௌவால் 1993-இல் மேகமலையிலேயே மீண்டும் அகப்பட்டது. பாம்புக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்ததாக நூல்கள் கூறவில்லை.

பரவலைக் குறித்து ஒன்று சொல்லலாம். பழைய நூல்கள் தரும் இடங்களைப் படத்தில் குறித்தால், அவை பாம்புகள் வாழுமிடத்தைக் காட்டுவதைவிடத் துரைமார் பங்களா கட்டியிருந்த இடத்தையே தெளிவாகக் காட்டுகின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் குறிப்புகள் மிகுதி. வருசநாட்டுக்கு மிகக் குறைவு. எனினும் பொதுவாக, பெருஞ்செதிள் வகை பழனி மலை போன்ற உயர்ந்த சோலைகளிலும், மலபார் வகை பச்சை, மஞ்சள், பழுப்பு எனப் பல நிறங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும், மூங்கில் வகை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளிலும்கூட வாழ்கின்றன என்பது ஒப்புக்கொள்ளப்பட்டதே. திமில்மூக்கு வகை காப்பி, ஏலத் தோட்டங்களின் சருகுக்குள் சருகாகவே கிடப்பது. இது இலங்கையிலும் உண்டு. அதன் நெருங்கிய உறவினங்கள் இரண்டு அத்தீவுக்கே உரியவை.

2004-இல் மல்ஹோத்ரா, தோர்ப் ஆகியோர் டிரிமெரெசூரஸைப் பல பேரினங்களாகப் பிரித்தனர்; அதை எல்லோரும் ஏற்கவில்லை. 2021-இல் தென்னிந்திய இனங்களுக்கு, 1822-இல் எழுந்த ‘கிராஸ்பெடோசெஃபாலஸ்’ என்ற பெயர் மீட்கப்பட்டது.

இந்தியாவில் ஆக்கப்படும் பொது விஷமுறி மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. குழிவிரியன் அதில் சேரவில்லை. திமில்மூக்குக் குழிவிரியன் கடித்துச் சிறுநீரகம் கெட்டவர்கள் கேரளத்திலும் இலங்கையிலும் உண்டு. ஆகவே தோட்டத்தில் கடிபட்டவரை மலையிலிருந்து கீழே கொண்டுவருவோர், பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்காமல், கடித்தது எந்த மலையில், எத்தகைய இடத்தில் என்பதை மருத்துவரிடம் முதலில் தெரிவிக்க வேண்டும்.