ஐந்து மார்க்கு

முழங்காலில் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார் அறுந்துபோனால், இப்போதெல்லாம் வேறு இடத்திலிருந்து ஒரு நாணை எடுத்து அங்கே பொருத்திவிடுகிறார்கள். சரி, கால் குணமாயிற்று என்று எதை வைத்துச் சொல்வது? ஸ்வீடன் தேசத்து டாக்டர்கள் லிஸ்ஹோல்ம், கில்க்விஸ்ட் இருவரும் 1982-ல் இதற்குப் பரீட்சைத் தாள் போல ஒரு கணக்கு வகுத்தார்கள். 1985-ல் திருத்திய அந்தக் கணக்கில் மொத்தம் 100 மார்க்கு. வலிக்கு 25, கால் தடுமாறாமல் இருப்பதற்கு 25, மாடிப்படி ஏறுவதற்கு 10. குந்தி உட்காருவதற்கு வெறும் 5!

நாற்காலியிலேயே வாழும் தேசத்துக்கு அது போதும். ஆம்பூரில், தோல் ஷாப்பின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முழங்கால் நாரை அறுத்துக்கொண்ட ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்தால், குந்தவே முடியாத அவருக்கும் 95 கிடைத்துவிடும். 95 வாங்கினால் 'மிக நன்று' என்பது வழக்கம். ஆனால் அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; தொழுகையில் காலை மடக்கி அமர வேண்டும்; காலைக் கடனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2001-ல் வந்த சர்வதேசப் படிவம் குந்துவதையும் மண்டியிடுவதையும் தனித்தனியாகக் கேட்கிறது. சம்மணத்தை அதுவும் கேட்கவில்லை.

ஸ்வீடன் கணக்குக்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே, பக்கத்து வேலூரில் ஒரு டாக்டர் இதே சங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டார். அவர் வைத்தியம் செய்தது காலுக்கு அல்ல, கைக்கு.

பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். வைத்தியம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்துவந்த டாக்டர் காக்ரேனைப் பார்க்கப் போனபோது, கொக்கி போல் மடங்கிய ஒரு கையைப் பிடித்துப் பார்த்தார். அது திருப்பி இறுக்கிய இறுக்கில் இவருக்கு வலித்தது. அப்படியானால் அந்தக் கையில் உயிருள்ள தசை மிச்சமிருக்கிறது! முன்கையில் நல்ல நிலையிலிருக்கும் தசையின் நாணை விரல்களுக்கு மாற்றித் தைத்தார். விரல்கள் நிமிர்ந்தன. விரலை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு நூறு போடலாம்.

ஆனால் குணமாகிப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். கோணல் கையில் காசு போட்டவர்கள் நேரான கையில் போட மறுத்தார்கள். வேலை கொடுப்பவர்களோ நோயின் வடுவைப் பார்த்ததும் வாசலோடு அனுப்பினார்கள். பிச்சையும் போயிற்று, வேலையும் இல்லை. நன்றி கெட்டவர்கள் என்று பிராண்ட் கோபித்துக்கொண்டிருக்கலாம். (நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.) அவர் 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே 'நவ ஜீவ நிலையம்' என்று ஒரு சிறு குடியிருப்பு அமைத்தார். தச்சு வேலை சொல்லிக்கொடுத்து மர பொம்மைகள் செய்ய வைத்தார்.

அங்கே இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. உணர்ச்சியற்ற விரல்களுக்குச் சுத்தியலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது தெரியவில்லை. தம்மைத் தாமே புண்ணாக்கிக்கொண்டன. கருவிகளின் கைப்பிடிகளை மாற்றினார்கள். தினந்தோறும் ஒவ்வொருவர் கையையும் புரட்டிப் பார்த்தார்கள், எங்காவது புதிதாக ஒரு கொப்புளம் இருக்கிறதா என்று.