டொனால்ட்சன், லூ

டொனால்ட்சன், லூ (1926–2024): அமெரிக்க ஜாஸ் சங்கீத வித்துவான், ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தவர், வட கரோலினா மாகாணத்தைச் சேர்ந்தவர். சார்லி பார்க்கரின் பீபாப் சம்பிரதாயத்தில் ஊறி, 1954-இல் நியூயார்க் 'பேர்ட்லண்ட்' விடுதியில் ஆர்ட் பிளேக்கியின் குழுவோடு வாசித்துப் பெயர் பெற்ற இவர், 1967 ஏப்ரலில் புளூ நோட் கம்பெனிக்காகப் பதிவு செய்த 'அலிகேட்டர் பூகலூ' என்னும் இசைத்தட்டின் மூலம், சோல் சங்கீதத்தின் ஆட்ட லயத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டார். அத்தட்டில் தனியே பாஸ் வாத்தியம் கிடையாது. ஆர்கன் வாசித்த லானி ஸ்மித்தே அவ்வேலையையும் கவனித்துக்கொள்ள, ஜார்ஜ் பென்சனின் கிட்டாரும், பிற்காலத்தில் இத்ரீஸ் முஹம்மது எனப் பெயர் பூண்ட நியூ ஆர்லியன்ஸ் டிரம்ஸ்காரர் லியோ மோரிஸின் துள்ளும் தாளமும் சேர்ந்து, கேட்பவர் கால்களைச் சும்மா இருக்கவிடுவதில்லை.

ஜனரஞ்சகத்துக்காகக் கலையைத் தாழ்த்திவிட்டார் என்ற ஆக்ஷேபம் அப்போது எழாமலில்லை. ஆனால் 1961-லேயே 'ஹியர் டிஸ்' தட்டில் ஆர்கனைத் துணைக்கொண்டு புளூஸ் வாசித்தவருக்கு இது திடீர்த் திருப்பமாகாது. 'எவ்ரிதிங் ஐ ப்ளே இஸ் ஃபங்கி' என்று 1970-இல் ஒரு தட்டுக்குத் தலைப்பிட்டதில் சற்றுக் குறும்பும் உண்டு. சாக்ஸபோனில் மின்கருவி பொருத்தி வாசித்த பரீட்சை மட்டும் அவருடைய இனிய நாதத்தை மழுக்கியது என்றே சொல்ல வேண்டும். 'ஓட் டு பில்லி ஜோ' பதிவில் மோரிஸ் வாசித்த டிரம்ஸ் பகுதியைப் பிற்கால ஹிப்-ஹாப் கலைஞர்கள் பலர் எடுத்தாண்டனர்.