பட்டியலும் பதினொருவரும்: இந்திய டெஸ்ட் அணித் தேர்வில் அதிகாரம் கைமாறிய வரலாறு

2025 மே மாதம் இங்கிலாந்துப் பயணத்துக்கான டெஸ்ட் அணியை அஜித் அகர்கர் தலைமையிலான தேர்வுக் குழு அறிவித்தது. ஷ்ரேயஸ் ஐயர் ஏன் இல்லை, கருண் நாயர் எப்படித் திரும்பினார், ஷுப்மன் கில்லைக் கேப்டனாக்கியது சரியா என்று சில நாள்கள் பேச்சு ஓடியது. ஜூனில் ஆட்டம் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. பட்டியலில் இருந்தும் ஐந்து டெஸ்டுகளில் ஒன்றில்கூட ஆடாத குல்தீப் யாதவ் பக்கம் விவாதம் திரும்பியது. பட்டியலைப் பற்றிய சண்டை, ஆடும் பதினொருவரைப் பற்றிய சண்டையாக மாறியது எப்போது? தேர்வு அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைப் பின்தொடர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் அந்த அதிகாரம் அரண்மனைகளிடம் இருந்தது. 1932 இங்கிலாந்துப் பயணத்துக்குப் போர்பந்தர் மகாராஜா கேப்டன், லிம்டி இளவரசர் துணைக் கேப்டன். ஜூன் 25 அன்று லார்ட்ஸில் முதல் டெஸ்ட் தொடங்கியபோது இருவரும் ஆடவில்லை, சி.கே. நாயுடு அணியை நடத்தினார். ஆட்டம் தெரிந்தவரிடம் களத்தை ஒப்படைக்கும் அளவுக்குப் போர்பந்தருக்கு விவேகம் இருந்தது. அந்தத் தேர்வில் இன்னொரு இடைவெளியும் உண்டு. காந்தியின் கைதை முன்னிட்டு விஜய் மெர்ச்சன்ட் போன்றோர் தேர்வாட்டங்களையே புறக்கணித்தனர். ஆக, முதல் அணியில் யார் இடம்பெறவில்லை என்பதை ஆட்டத்திறனை மட்டும் வைத்து விளக்க முடியாது.

1936 இங்கிலாந்துப் பயணத்தில் அந்த விவேகமும் போனது. விஜயநகரத்து மகாராஜ்குமாரான 'விஸ்ஸி' கேப்டனானார். மூன்று டெஸ்டுகளில் ஆறு இன்னிங்ஸ், மொத்தம் 33 ஓட்டங்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை 1933இல் அடித்த லாலா அமர்நாத்தோ, ஒழுங்கீனம் என்ற குற்றச்சாட்டின் பேரில் முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பியூமான்ட் தலைமையிலான விசாரணைக் குழு 1937இல் அமர்நாத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்து, விஸ்ஸியின் தலைமையைக் குறைகூறியது. அதற்குள் தொடர் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன.

அரசர்கள் விலகிய இடத்தில் கிரிக்கெட் வாரியம் வந்து அமர்ந்தது. 1952இல் வினு மன்கட், லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் சங்கத்துடன் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். இங்கிலாந்துத் தொடரில் இடம் உறுதி என்று சொன்னால் ஒப்பந்தத்தை விட்டுவிடுவதாக அவர் கேட்டார், வாரியம் மறுத்தது. லீட்ஸ் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா ஓர் ஓட்டமும் எடுக்காமல் நான்கு விக்கெட்டுகளை இழந்த பிறகு, அதே மன்கட்டை விடுவிக்கும்படி ஹாஸ்லிங்டனிடம் கேட்க வேண்டியதாயிற்று. லார்ட்ஸில் அவர் 72, 184 ஓட்டங்கள் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் மட்டும் 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட் வீழ்த்தினார். இந்தியா அந்த ஆட்டத்திலும் தோற்றது.

வாரியத் தலையீட்டின் உச்சத்தைச் சென்னை பார்த்தது. 1958-59இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஐந்து டெஸ்டுகளில் இந்தியாவுக்கு நான்கு கேப்டன்கள்: உம்ரிகர், குலாம் அகமது, மன்கட், அதிகாரி. 1959 ஜனவரியில் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்த நான்காவது டெஸ்டுக்கு உம்ரிகர்தான் கேப்டனாக இருக்க வேண்டியவர். மட்டையாளர் மனோகர் ஹர்திகர் வேண்டும் என்றார் அவர். சுழற்பந்து வீச்சாளர் ஜசு படேல்தான் ஆட வேண்டும் என்றார் வாரியத் தலைவர். ஆட்டத்துக்கு முந்தைய இரவு உம்ரிகர் பதவியை உதறினார். கடைசியில் அந்த இருவருமே ஆடவில்லை. சர்வீசஸ் அணியின் செங்குப்தா தன் ஒரே டெஸ்டை அங்கே ஆடினார். இந்தியா 295 ஓட்டங்களில் தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜசு படேல் ஒரே இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் எடுத்தார் என்பது தனிக்கதை. வாரியத் தலைவருக்கு ஆள் தெரியாமல் இல்லை. அந்த முடிவு அவர் எடுக்க வேண்டியதா என்பதுதான் கேள்வி.

மண்டலத்துக்கு ஒருவராக ஐவர் அமரும் தேர்வுக் குழு நிலைபெற்ற காலத்தில் விவாதத்தின் மொழி மாறியது. ஓர் ஆட்டக்காரரின் பெயரோடு அவர் எந்த மண்டலம் என்பதும் சேர்ந்தே பேசப்பட்டது. இந்தக் குழு முறை எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது 1971 ஜனவரியில் வந்தது. பட்டோடியை விலக்கி அஜித் வடேகரைக் கேப்டனாக்கியதில் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்டின் வாக்கே தராசைச் சாய்த்தது என்பது பரவலான கூற்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. திலீப் சர்தேசாய் மேற்கிந்தியப் பயணத்துக்கு வர வேண்டும் என்று புதிய கேப்டன் வாதாடி இடம் வாங்கினார். சர்தேசாய் அந்தத் தொடரில் 642 ஓட்டங்கள் குவித்தார். தேர்வறைக்குள் கேப்டனின் குரலுக்கு மதிப்பு கூடியதில் அந்த ஓட்டங்களுக்கும் பங்குண்டு.

இங்கிருந்து ஆஃப் ஸ்பின்னரின் இடத்தைக் கவனித்தால் மாற்றம் துலங்கும். 20 டெஸ்டுகளில் 100 விக்கெட் எடுத்தவர் பிரசன்னா. 1971 கோடையில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவர் ஆடவில்லை. மூன்றிலும் துணைக் கேப்டன் வெங்கடராகவன் ஆடினார். கிண்டியில் பொறியியல் படித்த சென்னைக்காரரான வெங்கட்டுக்கு மட்டையும் ஓரளவு பிடிக்கத் தெரியும், மட்டையாளரை ஒட்டி நின்று கேட்சும் பிடிப்பார். பந்துவீச்சோடு கூடுதலாக என்ன தருகிறாய் என்ற கேள்வி பிரசன்னாவை வெளியே உட்காரவைத்தது. இந்தியா தொடரை வென்றதால் அந்தக் கேள்வி நியாயமாகிவிட்டது. ஆனால் வெங்கட்டுக்கும் அது நிரந்தரக் காப்பாகவில்லை. 1974 டிசம்பரில் பட்டோடி காயமுற்றதால் டெல்லி டெஸ்டுக்குக் கேப்டனாக இருந்தவர், அடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினொருவரிலேயே இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி இன்னொரு சென்னை ஆஃப் ஸ்பின்னருக்கு எதிராகத் திரும்பியது. 2021 இங்கிலாந்துத் தொடரை 413 விக்கெட்டுகளோடு எதிர்கொண்ட அஸ்வின், அதற்கு முன் சர்ரே அணிக்காக ஆடி ஒரே இன்னிங்ஸில் 27 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். டெஸ்ட் ஒன்றிலும் அவருக்கு இடமில்லை. இருக்கும் ஒரே சுழற்பந்து இடத்தை மட்டையும் பிடிக்கும் ஜடேஜா பெற்றார். ஓவலில் இந்தியா 157 ஓட்டங்களில் வென்றதால் விமர்சனம் தணிந்தது. 2023 ஜூனில் அதே ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை மீண்டும் வெளியே வைத்து, இந்தியா 209 ஓட்டங்களில் தோற்றது. 2024 நவம்பரில் பெர்த்தில் அவரும் ஜடேஜாவும் வெளியே இருக்க, வாஷிங்டன் சுந்தர் ஆடினார். அடுத்த மாதம் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் 537 விக்கெட்டுகளோடு அஸ்வின் ஓய்வை அறிவித்தார். இந்த முடிவுகளில் எதையும் தேர்வுக் குழு மீது சுமத்த முடியாது. பட்டியலில் அவர் பெயர் ஒவ்வொரு முறையும் இருந்தது.

இதற்கிடையே வாரியத் தலைவரின் கை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 0-4 என்று தோற்ற 2011-12 காலத்தில், தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து நீக்க, ஸ்ரீகாந்த் தலைமையிலான குழுவில் இருந்த மொகிந்தர் அமர்நாத் முயன்றார். வாரியத் தலைவர் என். சீனிவாசன் ஒப்புதல் தரவில்லை. அப்போது சீனிவாசனின் நிறுவனம் சென்னை சூப்பர் கிங்ஸின் உரிமையாளராகவும் தோனி அதன் கேப்டனாகவும் இருந்ததை மறந்துவிட்டு இந்த முடிவைப் படிக்க முடியாது. மொகிந்தர், 1936இல் திருப்பி அனுப்பப்பட்ட லாலாவின் மகன்.

வாரியத்தைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட லோதா குழுவின் 2016 அறிக்கை, டெஸ்ட் ஆடிய மூவர் மட்டுமே தேர்வாளராகலாம் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தி ஐவர் குழுவை அனுமதித்தது. ஏழு டெஸ்ட் அல்லது முப்பது முதல்தர ஆட்டங்கள் போன்ற தகுதிகள் வந்தன. சீர்திருத்தம் முழுவதும் பட்டியல் போடும் அறையைப் பற்றியது. அதிகாரத்தின் பெரும்பகுதி அதற்குள் கேப்டனும் பயிற்சியாளரும் கூடும் அறைக்குப் போயிருந்தது. தேர்வாளருக்குத் தகுதி, பதவிக்காலம் என்று விதிகள் உண்டு. டாஸுக்கு முன் ஆடுகளத்தைப் பார்த்துப் பதினொருவரை முடிவுசெய்பவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆடுகளத்தை நேரில் பார்ப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த முடிவுக்குப் பதிவு வேண்டாமா என்பதே என் கேள்வி.

இந்த வரலாற்றை எழுதுபவர் பெரும்பாலும் நேர்காணல்களையும் ஓய்வுக்குப் பின் வந்த நினைவுக் குறிப்புகளையுமே நம்ப வேண்டியிருக்கிறது. தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்புகளை வாரியம் வெளியிடுவதில்லை. நடப்புக் கூட்டங்களின் இரகசியம் காக்கப்படட்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட குறிப்புகளையாவது, குறிப்பாக 1959 சென்னை, 1971 ஜனவரி முடிவுகள் தொடர்பாக எஞ்சியிருப்பவற்றை, ஆய்வாளர்களுக்கு வாரியம் திறந்துவிட வேண்டும்.