ஆயனுக்கு ஓர் அரண்மனை

கிருஷ்ணகிரியைக் கடந்து, ஓசூரின் ஆலைப் புகையைக் கடந்து, ஆண்டுதோறும் பள்ளிப் பேருந்துகள் மைசூர் நோக்கி விரைகின்றன. அரண்மனையின் தர்பார் மண்டபத்தைக் காட்டுகிறோம். மாணவர்கள் வாய் பிளந்து நிற்கின்றனர். வழியிலே, 1993-இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் முன் அந்தப் பேருந்து நின்றதுண்டா? இல்லை. குற்றம் எவருடையது? ஆசிரியர்களாகிய நம்முடையது!

சிறிய கூடம்தான். 1851-இல் தொடங்கப்பெற்று, இன்று சென்னை எழும்பூரில் விளங்கும் மாபெரும் காட்சியகத்தோடு அதை ஒப்பிட முடியாது. ஆயினும் அங்கே நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரையே செல்வமாயிருந்த நாளில், கவரப்பட்ட மாடுகளை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கு எடுத்த கல் அது. அத்தகைய கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வேந்தர் புகழ் பாடும் கல்வெட்டுகள் ஏராளம். வெறும் ஆயனும் எயினனும் பெயரோடு வாழ்வது இக்கற்களிலேதான்.

எல்லைக்கோடு கிழிக்கப்படாத காலத்தின் சான்றுகளும் இவை. மாட்டு மந்தையைத் தமிழ் நடுகல் 'தொறு' என்கிறது. கன்னடக் கல் 'துறு' என்கிறது. இரு மொழியினரும் மாண்டவனை ஒரே முறையில் மதித்தனர். கன்னட நாட்டு ஆதகூரில், காட்டுப்பன்றியோடு பொருது மடிந்த காளி என்ற நாய்க்கும் கி.பி. 949-950 அளவில் கல் எடுத்தனர். பெங்களூர் அருங்காட்சியகம் அதைக் காத்து வருகிறது.

வயல்வெளியில் நிற்கும் நடுகல்லின் நிலை என்ன? எண்ணெயும் மஞ்சளும் பூசிக் கும்பிட்டால் எழுத்து மறைகிறது. புறக்கணித்தாலோ, துணி துவைக்கும் கல்லாகிறது. சாலைக்கும் சுவருக்கும் இரையாகிறது. வணங்கினாலும் மிதித்தாலும் வீரனின் பெயர் அழிவது ஒன்றே! படித்தால்தான் அவன் வாழ்வான். படிப்பதற்கு ஏற்ற இடம் அருங்காட்சியகம்.

1970-களில் சிப்காட் வந்தபின், ஓசூர் உழைப்பாளர் நகரமாயிற்று. பல ஊர்களிலிருந்து வந்து பொறிகளோடு போராடும் தோழர்களே! உங்களைப் போன்ற உழைப்பாளியின் வரலாறு அரண்மனையில் இல்லை. அந்தச் சிறு கூடத்திலே இருக்கிறது.

மைசூருக்குப் போக வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அடுத்த சுற்றுலாவின்போது கிருஷ்ணகிரியில் ஒரு மணி நேரம் பேருந்தை நிறுத்துவோம். ஆயனின் பெயரை மாணவன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்!