குடல் வைரஸ் தொற்றுகளின் நோய்க்குறியீடு

குடல் வைரஸ் தொற்றுகளின் நோய்க்குறியீடு என்பது, வைரஸ்களால் இரைப்பையிலும் குடலிலும் உண்டாகும் நோய்களை மருத்துவமனை ஆவணங்களிலும் இறப்புச் சான்றிதழ்களிலும் ஒரே சீராகப் பதிய உதவும் எழுத்து-எண் முறை. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டுப் பத்தாம் திருத்தத்தில் (ஐ.சி.டி.-10) இவை ஏ08 என்னும் தலைப்பில் அடங்கும். புதுச்சேரியில், கருவடிக்குப்பத்துக்கு மேற்கே கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவ நிறுவனம், இம்முறையைக் கற்பிக்கும் முதன்மையான இந்திய மையங்களுள் ஒன்று.

வரலாறு

நோய்களை வகுக்கும் கலைக்கு அடித்தளமிட்டவர்களுள் பிரெஞ்சு அறிஞர்கள் முக்கியமானவர்கள். மோன்பெலியே நகர மருத்துவர் புவாசியே த சோவாழ் (1706–1767), தாவரங்களை இனம் இனமாகப் பிரிப்பதுபோல் நோய்களையும் பிரித்து நூல் எழுதினார். 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய முதல் பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா நாடுகளுக்கும் பொதுவான இறப்புக் காரணப் பட்டியல் வேண்டும் என்ற தீர்மானத்தை அஷீல் கியார் கொண்டுவந்தார். பட்டியல் தயாரிக்கும் பணி இங்கிலாந்தின் வில்லியம் ஃபாரிடமும் ஜெனீவாவின் மார்க் தெஸ்பீனிடமும் விடப்பட்டது. அவர்களது பட்டியல் உலகப் பொதுவழக்காக நிலைக்கவில்லை. கியாரின் பேரனும் பாரிஸ் நகரப் புள்ளியியல் பணிகளின் தலைவருமான ழாக் பெர்த்தியோன் வகுத்த பட்டியலே 1893இல் சிகாகோவில் ஏற்கப்பட்டது. பிரெஞ்சு அரசு 1900 ஆகஸ்டில் பாரிஸில் கூட்டிய முதல் திருத்த மாநாட்டில் 26 நாடுகளின் பிரதிநிதிகள் கலந்துகொண்டு, 179 தலைப்புகள் கொண்ட விரிவான பட்டியலை நிறைவேற்றினர்.

அக்காலப் பட்டியல்களில் வயிற்றுப்போக்கும் குடல் அழற்சியும் செரிமான உறுப்பு நோய்களோடு வைக்கப்பட்டன. நோய்க்கிருமி தெரியாத நிலையில், நோயாளி இரண்டு வயதுக்கு உட்பட்டவரா, மேற்பட்டவரா என்பதே பிரிவுக்கு அடிப்படையாயிற்று. 1948இல் வந்த ஆறாம் திருத்தத்திலிருந்து உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றது. எட்டாம் திருத்தத்தில் வயிற்றுப்போக்கு தொற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றப்பட்டது.

1968இல் அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளியொன்றில் பரவிய வாந்தி நோய்க்குக் காரணமான வைரஸை 1972இல் ஆல்பர்ட் கபிகியான் மின்னணு நுண்ணோக்கியில் கண்டறிந்தார். மறு ஆண்டு மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடல் திசுவில் ரோட்டா வைரஸைக் கண்டனர். 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு தந்தது.

வகைப்பாடு

ஏ08.0 – ரோட்டா வைரஸ் குடல் அழற்சி
ஏ08.1 – நார்வாக் வகை வைரஸ் (நோரோ வைரஸ்) தொற்று
ஏ08.2 – அடினோ வைரஸ் குடல் அழற்சி
ஏ08.3 – பிற வைரஸ் குடல் அழற்சி
ஏ08.4 – இன்ன வைரஸ் எனக் குறிப்பிடப்படாத குடல் தொற்று
ஏ08.5 – குறிப்பிடப்பட்ட பிற குடல் தொற்றுகள்

குடலையும் தாக்கிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இத்தலைப்பில் சேராது. அது சுவாச நோய்ப் பிரிவுக்கு உரியது. கிருமி எதுவும் குறிப்பிடப்படாத வயிற்றுப்போக்கு ஏ09இல் பதியப்படும். காரணம் எழுதப்படாத வயிற்றுப்போக்கைத் தொற்றல்லாத நோயாகக் கருதக்கூடிய நாடுகள் அதைக் கே52.9இல் சேர்க்கலாம் என்றொரு விதியும் உண்டு. குடிநீராலும் உணவாலும் தொற்று பரவும் இந்தியச் சூழலுக்கு ஏ09 கொள்வதே பொருத்தம்.

புதுச்சேரியில்

1823இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964இல் இப்பெயர் பெற்றது. மத்திய சுகாதாரப் புலனாய்வுப் பணியகத்தின் மருத்துவ ஆவணப் பயிற்சி மையங்களுள் ஒன்று இங்கே இயங்குகிறது. இன்னொன்று தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் உள்ளது.

குறியீடு இடுபவர் நோயாளியின் கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதிய முதன்மை நோயை எடுத்து, மூன்றாம் தொகுதியான அகரவரிசையில் தேடி, முதல் தொகுதியில் சரிபார்த்த பிறகே எண்ணைப் பதிய வேண்டும். 'ஏ.ஜி.இ.' (தீவிர இரைப்பை-குடல் அழற்சி) என்று மட்டும் எழுதியிருந்தால் ஏ09. 'வைரஸ்' என்ற சொல் சேர்ந்தால் ஏ08.4, மலப் பரிசோதனையில் ரோட்டா வைரஸ் உறுதியாகி மருத்துவர் அதை எழுதினால் ஏ08.0. நீரிழப்பு இருந்தால் ஈ86 கூடுதலாக இடப்படும். எழுதாத நோயைக் குறியீட்டாளர் ஊகித்துச் சேர்க்க முடியாது. ஆகவே மருத்துவர் எழுதும் ஒரு சொல்லில்தான் ஊரின் நோய்க்கணக்கே நிற்கிறது.

மருத்துவமனை இறப்புகளுக்குப் படிவம் 4, கருவடிக்குப்பம் போன்ற பகுதிகளில் வீட்டில் நேரும் இறப்புகளுக்குப் படிவம் 4ஏ எனக் காரணச் சான்றிதழ் உண்டு. நீரிழப்பால் உயிர் பிரிந்தாலும், அதற்கு மூலமான தொற்றே இறப்புக் காரணமாகக் கணக்கிடப்படும்.

2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது பரிசோதனையில் காலரா (ஏ00) உறுதியானது. எல்லாவற்றையும் ஏ09இல் அடைத்திருந்தால் அந்த வேறுபாடு ஆவணத்தில் தெரியாமலே போயிருக்கும். 2016இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த ரோட்டா சொட்டு மருந்தின் பலனை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து அளக்கவும் ஏ08.0 சரியாக இடப்பட வேண்டும்.

தற்போதைய நிலை

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் ரோட்டா வைரஸுக்கு 1ஏ22, நோரோ வைரஸுக்கு 1ஏ23 என எண்கள் மாறியுள்ளன.