அமிலம் கட்டிய பல்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்குகளில் ராக் பாஸ்பேட்டும் ஒன்று. பார்வைக்கு வெறும் மண். உரத் தொழிற்சாலையில் அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள். மிஞ்சுகிற ஜிப்சம் தனியே குவிகிறது. அந்த மண்ணில் இருக்கும் முக்கியக் கனிமத்துக்கு அபடைட் என்று பெயர். நம் பல்லின் எனாமலும் அதே குடும்பத்துக் கனிமம்தான். முத்துக்குளித்துறைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்: முத்து சுண்ணாம்பு வகை, பல்லோ பாஸ்பேட் வகை. வேதியியல் கணக்கில் பல்லுக்குச் சொந்தம் சிப்பியல்ல, உரமூட்டை.

பக்கத்துப் பற்களை ராவாமல் பல் கட்டும் முறை பிறந்ததும் இந்தப் பாஸ்பாரிக் அமிலத்தில்தான்.

அதற்கு முன்பு ஒரு பல் விழுந்தால், இருபுறமும் நிற்கிற நல்ல பற்களைச் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, மூன்று பல்லும் சேர்ந்த ஒரே உறையை மேலே மாட்டுவார்கள். இன்றும் பெரும்பாலான பிரிட்ஜ்கள் அப்படித்தான். போனது ஒன்று, அதற்காக வெட்டுப்படுவது இரண்டு. சொத்தையே இல்லாத பல்லானாலும் வெளியே தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் போய்விடும், திரும்ப வளராது. மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. வழுவழுப்பான, எப்போதும் எச்சில் ஈரம் படிந்த எனாமலில் நின்று ஒட்டும் பசை அவர்களிடம் அப்போது இல்லை. சிமென்ட் இடைவெளியை அடைக்கும், அவ்வளவே. பிடிப்பு ராவிய வடிவத்திலிருந்துதான் வரவேண்டும்.

1955இல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் என்ற ஆய்வாளர் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். பெயின்ட் உரியாமல் இருக்க, அடிப்பதற்கு முன் உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவது உண்டு. அதையே எனாமலில் செய்தால்? 85 சதவீத அமிலத்தை 30 விநாடி வைத்துக் கழுவினார், மேலே அக்ரிலிக் சொட்டு ஒன்றை வைத்தார். அமிலம் படாத பல்லில் வைத்த சொட்டு சீக்கிரமே விழுந்தது. அமிலம் பட்ட பல்லில் வாரக்கணக்கில் நின்றது. அபடைட்டிலிருந்து எடுத்த அமிலம் அபடைட்டையே அரித்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கியிருந்தது. அவற்றுக்குள் பிசின் இறங்கி இறுகியதுதான் ரகசியம். பல் மருத்துவ உலகம் இதை வெகுகாலம் சட்டை செய்யவில்லை. 1962இல் ரஃபேல் போவென் வலுவான புதுப் பிசினை உருவாக்கிய பிறகே வேகம் பிடித்தது.

முதல் உலோகத் தகட்டை ஒட்டியவரின் முக்கிய நோக்கம் பல் கட்டுவதல்ல. பிரான்சின் அலென் ரோஷெத், ஈறு நோயால் ஆடிய கீழ்ப் பற்களைப் பின்புறமாகச் சேர்த்துக் கட்ட, ஓட்டை போட்ட தகடு ஒன்றை 1973இல் ஒட்டினார். தகட்டில் நடுவே ஒரு பல்லைத் தொங்கவிடலாமே என்று அமெரிக்காவில் ஹோவ், டெனஹி இருவரும் 1977இல் செய்துகாட்டினார்கள். ஆனால் ஓட்டைக்குள் இருந்த பிசின் தேய்ந்தது, தகடும் பலவீனமானது.

பல்லுக்குச் செய்ததை உலோகத்துக்கும் செய்தார்கள் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லிவாடிடிஸும் தாம்ஸனும். நிக்கல்-குரோமியக் கலவைத் தகட்டை அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, அதிலும் நுண்குழிகள் உண்டாக்கினார்கள். 1982இல் அது கட்டுரையாக வந்தது. மேரிலாண்ட் பிரிட்ஜ் என்ற பெயரும் நிலைத்தது. அடுத்து ஜப்பானின் குராரே நிறுவனம் கொண்டுவந்த பனாவியா பசையில் மறுபடியும் பாஸ்பேட்: அந்த மூலக்கூறின் பாஸ்பேட் முனை உலோகத்தையே வேதிமுறையில் பிடித்துக்கொள்ளும். மின்சாரக் குளியல் தேவையற்றுப் போனது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிந்தைய பகுதி. பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் தகட்டுக்குச் சிறகு என்று பெயர்; இருபுறமும் சிறகு வைத்தால்தான் உறுதி என்று எல்லோரும் நம்பினார்கள். கடிக்கும்போது இரு பற்களும் ஆளுக்கொரு பக்கம் சற்றே அசையும். ஒரு சிறகு விட்டுப்போகும், மறுசிறகு பிடித்திருப்பதால் நோயாளிக்குத் தெரியாது, அடியில் சொத்தை வளரும். ஜெர்மனியின் மத்தியாஸ் கெர்ன் பீங்கானில் இரட்டைச் சிறகு வைத்தபோது ஒருபக்க இணைப்பு உடைந்த பிறகும், சில பற்கள் மறுபக்கப் பிடிப்பிலேயே ஜோராக நின்றன. அப்படியானால் இரண்டாவது சிறகு எதற்கு? 1997இல் ஒற்றைச் சிறகை முன்வைத்தார். முன்பற்களுக்கு இன்று பலர் விரும்புவது அதைத்தான், இப்போது ஜிர்கோனியாவில்.

எல்லோருக்கும் இது ஆகாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், தாங்கவேண்டிய பல்லில் பெரிய அடைப்பு உள்ளவர்களுக்கும் வேறு வழி பார்ப்பதே நல்லது. ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டால் எல்லாம் வீண். அதனால்தான் ரப்பர் விரிப்பைக் கட்டி, 37 சதவீத அளவிலான அமில ஜெல்லைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி உலர்த்துகிறார்கள். ஒற்றைச் சிறகு என்றாவது கழன்றால் பல்லோடு கையில் வந்துவிடும். தூக்கிப் போடாமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு போகலாம். உடையாமல் இருந்தால் பெரும்பாலும் சுத்தம் செய்து அதையே திரும்ப ஒட்டிவிடுவார்.